இரண்டரை நிமிடம்

அட்டன் கடையில் நானூற்றி இருபது ரூபா.
தீப்பெட்டி அளவுப் பலகை,
அதன்மேல் நீலக் கட்டியாய் ஒரு ரிலே,
ஓரத்தில் பாதி மிளகு பருமனில் திருகு.
"வலமாத் திருப்பினா நேரம் கூடும்,
இடமாத் திருப்பினா குறையும்."
மிச்சச் சில்லறையோடு
அதையும் கையில் வைத்தான் கடைக்காரன்.

லயத்திலிருந்து கக்கூசுக்கு முப்பத்தெட்டுப் படி.
பதினேழாவது உடைந்தது.
மழைக்கு அட்டை, மழை விட்டால் பனிமூட்டம்.
கரண்ட் பில் எந்தக் காம்பராவுக்கு என்ற சண்டையில்
இரண்டு வருஷமாய் அங்கே பல்ப் கிடையாது.

நான் போட்டேன்.
ஓட்டோவில் கழற்றிய பெட்டரி, தகரத்தின் மேல் சின்னச் சோலார்,
தொங்கல் வீட்டு இஸ்தோப்பில் ஒரு மணிப் பொத்தான்,
கீழே கக்கூஸ் சுவரில் இன்னொன்று.
அமத்தினால் எரியும்.
சொன்ன நேரத்தில் தானே அணையும்.
அணைக்க மறந்ததற்கு யாரும் யாரையும் ஏச வழியில்லை.

சொன்ன நேரம் என்றால் எவ்வளவு?

முதலில் ஒரு நிமிடம். என் கால்களால் அளந்தது.
பிள்ளைகள் மூன்று மூன்றாய்த் தாவி
வெளிச்சத்தில் பாதியை மிச்சம் வைத்தார்கள்.
திரவியம் அண்ணனுக்கு
கவ்வாத்து மலையில் சறுக்கிய முழங்கால்.
பதினாறாம் படியில் இருட்டு அவரைப் பிடித்தது.
உடைந்த கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தார்,
நான் டோர்ச்சோடு இறங்கும்வரை கூப்பிடாமல்.
"அரைப் பேர் போட்டுட்டியே தம்பி" என்றார்,
நிறை குறைந்த கொழுந்துக்குக்
கணக்கப்பிள்ளை போடுவதைப் போல.

மறுநாள் அவர் பின்னால் எண்ணிக்கொண்டே நடந்தேன்.
நூற்றி நாற்பது செக்கன்.
மூச்சு வாங்கப் பத்து.
இரண்டரை நிமிடத்தில் திருகை நிறுத்தினேன்.

பெட்டி என் தலைமாட்டுச் சுவரில்.
எரியும்போது ஒரு டக்.
அணையும்போது ஒரு டக்.
இரண்டுக்கும் நடுவில்
யாருடைய செருப்பு என்று இப்போது எனக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு ஒரு டக்,
செருப்புச் சத்தமே இல்லாமல்.
தவச்செல்வி.
போனுக்குச் சிக்னல் ஐந்தாம் படியில் மட்டும்.
கொழும்பில் ரொட்டி போடும் புருஷன்
கடை பூட்டியதும் எடுப்பான்:
சீட்டுக் காசு எங்கே, யாரோடு டவுனுக்குப் போனாய்,
போன மாசம் அனுப்பியது என்ன ஆச்சு.
இரண்டரை நிமிடம்.
டக்.
"லைட் போயிருச்சு, வச்சிர்றேன்."

பேச்சு பாதியில் அறுகிறதே என்று பாவப்பட்டு
காலையில் பீலியடியில் கேட்டேன்,
நேரத்தைக் கூட்டவா?
குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள்:
"ஐயோ, அதுல கை வச்சிராதீங்க."

தை மாதக் குளிரில் கபாசிட்டர் சுருங்கிவிட்டது.
இரண்டரை, இரண்டே கால் ஆனது.
கடைசி நாலு படியைத் திரவியம் அண்ணன்
சுவர் தடவிக் கடந்தார்.
திருகைத் தொட்டாக வேண்டும்.
தொட்டால் ஐந்தாம் படியிலும் நீளும்.
வெயில் காலத்துக்கு எது, குளிருக்கு எது என்று
அந்தச் சின்னப் பித்தளைக்குத் தெரியாது.

போய்ச் சொன்னேன். யோசித்தாள்.
"அண்ணன் நடக்கட்டும்.
லைட் போனதா இருக்கிறதா,
கொழும்புல இருந்து அவருக்கா தெரியப்போவுது?"

வலமாக அரைச் சுற்று. மூன்று நிமிடம்.

இன்று பதினொரு மணி.
டக்.
தணிந்த குரல், கணக்குகள், மௌனம்.
பிறகு "லைட் போயிருச்சு, வச்சிர்றேன்."
என் பெட்டியில் பச்சைப் புள்ளி
இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.
ஜன்னல் இடுக்கில் பார்க்கிறேன்:
போனை மடியில் கவிழ்த்துப் போட்டு
ஐந்தாம் படியில் உட்கார்ந்திருக்கிறாள்,
பல்பைச் சுற்றிப் பனி புகைவதைப் பார்த்தபடி,
யாருக்கும் சொல்ல வேண்டாத நாற்பது செக்கன்.

சுவரில் கை வைத்துக் காத்திருக்கிறேன்,
இது கொஞ்சம் பிந்தட்டும் என்று.

டக்.